10 ராத்திரி கூத்து 4 ஆகிவிட்டது, இந்த வருடம் தபசு மரமும் வேண்டாம் என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பந்தல்கடைக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். செஞ்சிக்கும் சேத்துப்பட்டுக்கும் நடுவில் ஒரு ஊரில் பந்தல், சாமியானா, நாற்காலி வாடகைக் கடை வைத்திருக்கிறேன். அப்பா காலத்துக் கடை. எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் பங்குனிக் கடைசியில் கொடி ஏறினால் சித்திரையில் தீமிதி. மொத்தம் 18 நாள். மதியம் பிரசங்கியார் வில்லிபாரதம் படித்துப் பொருள் சொல்வார். அதில் 10 நாள் ராத்திரிக் கூத்து. பகாசூரனில் ஆரம்பித்து வில்வளைப்பு, சுபத்திரை கல்யாணம், ராஜசூயம், துகில், தபசு, கிருஷ்ணன் தூது, அபிமன்யு, கர்ண மோட்சம், கடைசியில் பதினெட்டாம் போர். விடிந்ததும் படுகளம், துரியோதனன் விழுகிற சடங்கு. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இந்த வரிசை மாறியதில்லை.

2020-ல் தை மாதமே ஜமா என்கிற கூத்துக் குழுவின் வாத்தியாருக்கு வெற்றிலை பாக்கு வைத்து அச்சாரம் கொடுத்திருந்தோம். பந்தக்கால் நட நாள் குறித்த நேரத்தில் மார்ச் 22 ஒருநாள் ஊரடங்கு வந்தது. 25-ல் இருந்து நாடு முழுக்க அடைப்பு. சரி, ஒரு வருடம்தானே, அடுத்த வருடம் அம்மனுக்குச் சேர்த்துச் செய்வோம் என்று இருந்தோம். 2021-ல் ஏப்ரல் 10-ல் இருந்து திருவிழாக்களுக்குத் தடை, 20-ல் இருந்து இரவு ஊரடங்கு. விடிய விடிய ஆடுகிற கலை இரவு ஊரடங்கில் எங்கே போய் ஆடும்?

2022-ல் திரும்ப ஆரம்பித்தோம். யார் கையிலும் பணம் இல்லை. அதனால் துகில், தபசு, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று 4 ராத்திரி மட்டும் வைத்தோம். நாலு ராத்திரியாவது நடந்ததே என்று அப்போது சந்தோஷப்பட்டேன். இப்போது அதுவே வழக்கமாகிவிட்டது. நடுவில் காலியான ராத்திரிகளில் ஒன்று இன்னிசைக் கச்சேரிக்கும் ஒன்று ஆடல் பாடலுக்கும் போய்விட்டது. மீதி நாள் கோயில் வாசலில் டியூப் லைட் எரியும், ஆள் இருக்காது.

என் தொழிலும் இதோடு கட்டிக் கிடக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. அந்த இரண்டு வருடமும் சாமியானா துணி மூட்டையிலேயே பூஞ்சை பிடித்தது. ஜெனரேட்டரை விற்றேன். காய்கறிச் சந்தையைப் பள்ளிக்கூட மைதானத்துக்கு மாற்றியபோது சவுக்குக் கொம்பு கட்டிக் கொடுத்தது, அப்புறம் தடுப்பூசி முகாமுக்கு நாற்காலி போட்டது, இவ்வளவுதான் வருமானம். இப்போது கல்யாண ஆர்டர் வருகிறது, கடை ஓடுகிறது. ஆனால் 18 நாள் கோயில் பந்தல் போட்டு, ராத்திரி ராத்திரி மத்தளமும் ஆர்மோனியமும் கேட்டுக்கொண்டே கயிறு சரிபார்த்த வேலை வேறு. அது என் அப்பா எனக்குக் கற்றுக்கொடுத்த வேலை.

போன வாரம் விழாக் குழுக் கூட்டத்தில் தபசு மரமும் வேண்டாம் என்று பேச்சு வந்தது. அது என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். உயரமான பனைமரத்தைச் செதுக்கி நட்டு, ஏறக் கட்டைகள் அடித்து, உச்சியில் பரண் கட்டுவோம். அர்ச்சுனன் வேடக்காரர் ஒவ்வொரு படிக்கும் ஒரு பாட்டுப் பாடி ஏறி, மேலே நின்று சிவனை நோக்கித் தவம் இருந்து பாசுபதம் கேட்பார். கீழே பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் ஈரச் சேலையோடு மடியேந்தி நிற்பார்கள். மேலிருந்து எலுமிச்சம்பழமும் விபூதியும் விழும். என் அக்கா 9 வருடம் பிள்ளை இல்லாமல் அங்கே நின்றவள். பழம் அவள் மடியில் விழுந்த விடியலில் என் அப்பா பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு அழுததை நான் பார்த்திருக்கிறேன்.

2021 வேளாண் பட்ஜெட்டுக்கு அப்புறம் பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும், அது ஒரு அலைச்சல். கூலி ஏறிவிட்டது. ஏறுகிற வேடக்காரருக்கும் வயதாகிவிட்டது. இவை எல்லாம் நிஜமான கஷ்டங்கள், குழுவில் இருப்பவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் தபசு போனால் அடுத்த வருடம் எது போகும்?

உங்கள் ஊரில் கொரோனாவுக்கு அப்புறம் கூத்தை முழுசாகத் திருப்பிக் கொண்டுவந்தவர்கள் இருக்கிறீர்களா? எப்படிச் செய்தீர்கள்?

பின்பாட்டு எழுதியது:

தம்பி, நான் செய்யாறு பக்கம். 41 வருடமாகக் கூத்தில் இருக்கிறேன். முதலில் பெண் வேடம், இப்போது பின்பாட்டு. உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன்.

நீங்கள் 4 ராத்திரி வைத்திருப்பது செலவைக் குறைக்க. ஆனால் அந்த நாலும் எப்படி விழுகின்றன என்று பாருங்கள். ஒரு ராத்திரி கூத்து, இரண்டு நாள் இடைவெளி, திரும்ப ஒரு ராத்திரி. முன்பு 10 நாள் என்றால் ஜமா உங்கள் ஊரிலேயே தங்கும். பள்ளிக்கூடத்திலோ கோயில் மண்டபத்திலோ பெட்டியை இறக்கினால் படுகளம் முடிந்துதான் ஏற்றுவோம். சோறு ஊரார் வீட்டில். இப்போது ஒவ்வொரு ராத்திரிக்கும் வண்டி வாடகை, 14 பேர், பெட்டிகள், போக ஒரு தடவை, வர ஒரு தடவை. நீங்கள் கொடுக்கிற பணத்தில் பெரும் பங்கு டீசலுக்குப் போகிறது, ஆடியவன் கைக்கு வரவில்லை. இடைவெளி விடாமல் அடுத்தடுத்து 6 ராத்திரி வையுங்கள். 4-க்கும் 6-க்கும் நீங்கள் பயப்படுகிற அளவு வித்தியாசம் வராது. எந்த வாத்தியாரிடம் வேண்டுமானாலும் உட்கார்ந்து பேசிப் பாருங்கள்.

இன்னொன்று, அச்சாரம். கொரோனாவுக்கு அப்புறம் பல ஊர்களில் கடைசி நேரம் வரை முடிவு சொல்வதில்லை. பயம், புரிகிறது. ஆனால் எங்கள் ஆட்களில் பாதிப் பேர் 2020-க்கு அப்புறம் சிப்காட் கம்பெனிக்குப் போய்விட்டார்கள். சிலர் ராத்திரி காவல் வேலை. அவர்கள் கூத்தை விடவில்லை, லீவு கிடைத்தால் ஓடி வருகிறார்கள். தை மாதமே தேதி தெரிந்தால் ஷிப்டு மாற்றிக்கொள்வான். பங்குனியில் சொன்னால் வேலையை விட வேண்டும். அவனுக்கும் குடும்பம் இருக்கிறது.

அந்த இரண்டு வருடம் எப்படிப் போனது என்று வெளியே தெரியாது. எங்கள் கட்டைகள் கல்யாண முருங்கை மரத்தில் செய்வது. கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் எல்லாம். எடை இல்லாத மரம், அதனால்தான் விடிய விடிய கட்டிக்கொண்டு ஆட முடிகிறது. அதே காரணத்தால் வண்டு சீக்கிரம் துளைக்கும். வாரம் நாலு நாள் வெளியே எடுத்து, துடைத்து, வெயிலும் காற்றும் பட்டால் ஒன்றும் ஆகாது. 2021 ஆடியில் ஒரு நாள் பெட்டியைத் திறந்தேன். துரியோதனன் கிரீடத்தைத் தூக்கினால் கையில் மாவு மாதிரி கொட்டியது. கண்ணாடித் துண்டுகள் மட்டும் ஜிகினாத் தாளோடு பெட்டி அடியில் கிடந்தன. என் வாத்தியார் கையால் செதுக்கியது அது. சின்ன நாதஸ்வரம் மாதிரி இருக்கும் முகவீணையை ஊதுகிற எங்கள் ஆள் கொரோனா இரண்டாம் அலையில் போய்விட்டார். அவரிடம் கற்றுக்கொண்டவர் யாரும் இல்லை. இன்று வரை எங்கள் ஜமாவில் முகவீணை கிடையாது, ஆர்மோனியத்தை வைத்தே ஓட்டுகிறோம். பழைய ஆட்கள் கூத்துக்கு வந்து உட்கார்ந்ததும் அந்தச் சத்தத்தைத்தான் தேடுகிறார்கள்.

உதவி பற்றிக் கேட்டால், நாட்டுப்புறக் கலைஞர்கள் நலவாரியம் 2007-ல் வந்தது. அட்டை வாங்காதவர்கள் இன்னும் நிறைய இருக்கிறார்கள், அதை முதலில் வாங்கச் சொல்லுங்கள். இயல் இசை நாடக மன்றம் வழியாக இசைக்கருவி, ஆடை ஆபரணம் வாங்க 10,000 ரூபாய் கொடுக்கிறார்கள். அதில் ஒரு கிரீடமும் ஒரு ஜோடி புஜக்கட்டையும் நாங்கள் செய்தோம். கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்ப சம்பந்தன் அவர்களுக்கு 2025-ல் பத்மஸ்ரீ கிடைத்தபோது இந்தப் பக்கத்து ஜமாக்கள் எல்லாம் தங்களுக்கே கிடைத்ததுபோல் கொண்டாடின. மரியாதை வந்திருக்கிறது. ஆனால் கூத்துக்காரனுக்குக் களம் வேண்டும், அது கோயில் வாசலில்தான் இருக்கிறது.

தபசு மரத்தை விடாதீர்கள். பக்கத்து ஊரில் பாரத விழா நடத்துகிறவர்களோடு பேசிப் பாருங்கள். அவர்கள் சித்திரைக் கடைசி என்றால் அதே ஜமாவை இரண்டு ஊரும் சேர்ந்து பேசலாம். உங்கள் படுகளம் முடிந்த மறுநாள் பெட்டி அங்கே இறங்கும்.

வளையல்கடை எழுதியது:

அண்ணா, நான் திருவிழாக்களில் வளையல், பொட்டு, பிளாஸ்டிக் பொம்மைக் கடை போடுகிறேன். மாசியில் மேல்மலையனூர், சித்திரையில் கூவாகம், நடுவில் உங்களைப் போன்ற ஊர்களின் பாரதம். 2020-ல் மேல்மலையனூர் முடிந்து வந்த காசில் மொத்தமாகச் சரக்கு எடுத்து வைத்தேன். அடுத்த மாதம் எல்லாம் மூடிவிட்டது. அந்த வளையல் பெட்டிகள் மேல்தான் இரண்டு வருடம் என் பிள்ளைகள் உட்கார்ந்து படித்தார்கள்.

நான் டவுனில் இருப்பதால் சாலையோர வியாபாரிகளுக்கு 2020-ல் கொடுத்த 10,000 ரூபாய்க் கடன் கிடைத்தது. அதைக் கட்டி முடித்த பிறகு 20,000. அதை வைத்துத்தான் எழுந்தேன்.

நான் சொல்ல வந்தது வேறு. குழுவில் இருப்பவர்கள் கச்சேரி வைத்தால் கூட்டம் வரும் என்று நினைக்கிறார்கள். வருகிறது. ஆனால் அது பையன்கள் கூட்டம். பத்து மணிக்கு வருவான், நின்றுகொண்டே பார்ப்பான், முடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவான். என் கடையில் பத்து ரூபாய்க்கு வியாபாரம் ஆகாது. பொரிக்கடைக்காரரும் இதையேதான் சொல்வார். கூத்து ராத்திரி அப்படி இல்லை. பாயோடு வருகிற குடும்பம், பாட்டி மடியில் பிள்ளை தூங்கும். ஒரு மணிக்கு விழித்து அழும், பாட்டி எழுந்து வந்து ஒரு பீப்பி வாங்கிக் கொடுப்பாள். துகில் அன்றைக்கு நடு ராத்திரிக்கு மேல்தான் எனக்கு நல்ல வியாபாரம், பெண்கள் அழுத கண்ணோடு வந்து கண்ணாடி வளையல் போட்டுக்கொள்வார்கள். ஏன் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, ஆனால் வருடா வருடம் அப்படித்தான்.

4 ராத்திரிக்காக இவ்வளவு தூரம் வந்து கடை போட்டால் எனக்குக் கட்டாது. அதனால் போன வருடம் உங்கள் பக்கம் நான் வரவே இல்லை. கடை இல்லாத திருவிழாவுக்குப் பிள்ளைகள் எப்படி வரும்? 6 ராத்திரி தொடர்ந்து நடக்கும் என்று தெரிந்தால் நான் மட்டுமல்ல, ராட்டினக்காரரும் வருவார். தரை வாடகை கொடுக்க நாங்கள் தயார். அதை ஏலம் விட்டு ஒரே ஆளிடம் கொடுக்காமல் குழுவே நேராக வாங்கினால் ஒரு ராத்திரிக் கூத்தின் செலவில் ஒரு பகுதி அதிலேயே வரும்.

கல்வேலை எழுதியது:

நான் மாமல்லபுரத்தில் சிற்ப வேலை செய்கிறேன். இந்தத் திரியில் எனக்கு என்ன வேலை என்று தோன்றலாம். தினமும் காலையில் பட்டறைக்குப் போகும் வழியில் நான் கடப்பது அர்ச்சுனன் தபசு என்கிற பாறைச் சிற்பத்தைத்தான். ஒற்றைக் காலில் கை உயர்த்தி நிற்கிற அந்த உருவத்தை பகீரதன் என்று சொல்பவர்களும் உண்டு. எங்களுக்கு அவன் அர்ச்சுனன். அதே பாறையில் ஒரு பூனையும் அதேபோல் நின்று தவம் செய்யும், காலடியில் எலிகள். 1300 வருடத்துக்கு மேல் அங்கே நிற்கிறான். உங்கள் ஊரில் அவன் வருடத்துக்கு ஒரு ராத்திரி உயிரோடு மரம் ஏறுகிறான். அதை நிறுத்தலாமா என்று பேசுகிறார்கள் என்று படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2020 மார்ச் 17-ல் நினைவுச் சின்னங்களை மூடினார்கள். 2021-ல் ஏப்ரல் 16 முதல் ஜூன் 15 வரை திரும்ப மூடல். வெளிநாட்டுச் சுற்றுலா விசா 2021 கடைசியில்தான் திரும்பத் திறந்தது. 2021-22 கணக்கில் மாமல்லபுரத்துக்கு வந்த வெளிநாட்டவர் 1,44,984 பேர், தாஜ்மகாலைவிட அதிகம் என்று பேப்பரில் வந்தது. 2022-ல் செஸ் ஒலிம்பியாட் வந்தது, ரோடு எல்லாம் பளபளவென்று ஆனது. இவை எல்லாம் ஊருக்குப் பெருமை, நானும் மகிழ்ந்தேன். ஆனால் எங்கள் சந்தில் மாவுக்கல் யானை விற்கிறவர்களுக்கு அந்த எண்ணிக்கை வந்து சேரவில்லை. நாங்கள் எழுந்தது கோயில் வேலையால். தள்ளிப்போன கும்பாபிஷேகங்கள் ஒவ்வொன்றாக ஆரம்பித்ததும் தூண், துவாரபாலகர், பலிபீடம் என்று ஆர்டர் வந்தது. சுற்றுலாப் பயணிக்காகச் சின்ன வேலை செய்தவர்கள் பெரிய பட்டறையில் சேர்ந்து பிழைத்தார்கள். அதாவது வேலையின் வேரை நம்பியவர்கள் நின்றார்கள். அதனால்தான் பின்பாட்டு ஐயா களம் கோயில் வாசலில் இருக்கிறது என்று சொன்னதை நான் அப்படியே ஒப்புக்கொள்கிறேன்.

கட்டை செதுக்குகிறவர் உங்கள் பகுதியில் யாராவது இருந்தால் அவருக்குச் சொல்லுங்கள்: கலைஞர் கைவினைத் திட்டம் என்று 2025-ல் மாநில அரசு ஆரம்பித்தது. 35 வயது முடிந்த கைவினைஞர்களுக்கு 3 லட்சம் வரை கடன், 25 சதவீதம் மானியம், அதிகபட்சம் 50,000. எங்கள் பட்டறையில் இருவர் விண்ணப்பித்தார்கள். மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டால் சொல்வார்கள்.

மரத்துக்கு ஒரு யோசனை. ஒரு தடவை செதுக்கிய பனையை விழா முடிந்ததும் பிடுங்கி, நிலத்தில் படாமல் இரண்டு கல் மேல் நிழலில் கிடத்தி, வேப்பெண்ணெய் பூசி வையுங்கள். வயிரம் ஏறிய பனை பல வருடம் தாங்கும். புதைக்கிற அடிப்பாகத்துக்கு மட்டும் கல் குழி ஒன்று செய்துவிட்டால் மண் ஈரம் ஏறாது. அந்தக் கல் குழியை நான் செய்து தருகிறேன். கூலி வேண்டாம், கல்லுக்கும் வண்டிக்கும் மட்டும் கொடுத்தால் போதும்.

மைக்செட் எழுதியது:

கொஞ்சம் சட்டம். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ம் வருட ஒலி மாசு விதி. விழாக்களுக்கு வருடத்தில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை மாநில அரசு தளர்வு தரலாம். விடிய விடிய மைக் வேண்டும் என்று எழுதிக் கேட்டால் எந்த ஸ்டேஷனிலும் கையெழுத்துப் போட முடியாது. அதனால் 12 மணிக்கு மைக்கை அணைத்துவிட்டு நிஜக் குரலில் நடத்துங்கள். எங்கள் ஊரில் அப்படித்தான் ஓடுகிறது. கூட்டம் தானாக நெருங்கி உட்காருகிறது. முதல் வருடம் என் பெட்டியை அணைத்தபோது எனக்கே மனசு கேட்கவில்லை. ஆனால் திரைக்குப் பின்னாலிருந்து கர்ணன் பாடியது கடைசி வரிசைக்குக் கேட்டது.

அப்புறம் ஒரு வார்த்தை. வசூல் பட்டியலை எழுதும்போது ஊரின் எல்லாத் தெருவையும் எழுதுங்கள், உபயமும் எல்லாத் தெருவுக்கும் கொடுங்கள். சில ஊர்களில் திருவிழா நின்றதற்குக் காரணம் பணம் இல்லை.

பந்தல்கடைக்காரன் எழுதியது:

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. நேற்றுக் கூட்டம் நடந்தது, என்ன ஆனது என்று சொல்லிவிடுகிறேன்.

பின்பாட்டு ஐயா சொன்ன டீசல் கணக்கைத்தான் முதலில் வைத்தேன். போன வருட ரசீதுகளை எடுத்துக்கொண்டு போயிருந்தேன். வண்டி வாடகையைத் தனியாகக் கூட்டிக் காட்டியதும் பொருளாளரே பேனாவை எடுத்துத் திரும்பக் கூட்டினார். 6 ராத்திரி தொடர்ச்சியாக வைக்க ஒப்புக்கொண்டார்கள். ஆடல் பாடலை நிறுத்திவிட்டார்கள், கச்சேரி ஒரு நாள் இருக்கட்டும் என்று பையன்கள் கேட்டார்கள், விட்டேன். கிருஷ்ணன் தூதும் அபிமன்யுவும் திரும்ப வருகின்றன. தரை வாடகையை நேராக வாங்குவது பற்றி முடிவாகவில்லை, ஏலம் எடுத்துவந்தவர் குழுவிலேயே இருக்கிறார். மைக்செட் நண்பர் கடைசியில் சொன்ன வார்த்தையையும் எடுத்தேன். ரொம்ப நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் இரண்டு பெரியவர்கள் அடுத்த கூட்டத்துக்குக் காலனியிலிருந்து மூன்று பேரைக் கூப்பிடலாம் என்றார்கள். நான் போய்க் கூப்பிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

தபசு மரம் உண்டு. ஏரிக்கரையில் போன புயலில் சாய்ந்த பனை ஒன்று கிடக்கிறது. வெட்டாமல் எடுப்பதற்கும் எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்று கிராம நிர்வாக அலுவலரிடம் மனு கொடுத்திருக்கிறோம். ஏறுவதற்கு வேடக்காரரின் தங்கை மகன் வருகிறான், 23 வயது, கம்பெனியில் வேலை. மாமாவிடம் பாட்டுப் படித்துக்கொண்டிருக்கிறானாம், பாதிப் படி வரைக்கும் வந்திருக்கிறது.

கல்வேலை அண்ணே, குழியின் அளவு எடுத்து அனுப்புகிறேன். அடிமரச் சுற்றளவு நாலடி இருக்கும்போல் தெரிகிறது. வாத்தியாருக்கு அச்சாரம் கொடுக்க இந்த வெள்ளிக்கிழமை போகிறோம். வளையல்கடைத் தங்கச்சி, கொடியேற்றத் தேதி வந்ததும் இங்கேயே போடுகிறேன், கோயில் கிழக்கு வாசல் வேப்பமரத்து நிழல் உங்களுக்கு.